வேலை தெரிந்தவரைத் தோற்கடித்த மகனுக்கு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாதித் தட்டோடு நீ எழும்பிப் போனாய். போகும்போது, "அப்பா, இது உங்கட வேலை இல்ல, என்ர வேலை" என்றாய். வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன், நீயும் வழக்கம்போல ஃபோனை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் நடந்திருப்பாய். அதனால் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த எழுத்து சேர்விஸ் ரிப்போர்ட் மட்டும்தான்: என்ன பழுது, எதனால் வந்தது, என்ன செய்ய வேண்டும். இதையும் அப்படியே தொடங்கினேன். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது கடிதமா, கம்ப்ளெய்ன்டா?" என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன். உன் தொழிலில் உள்ள பயிற்றுநர்கள் நடத்துகிற இதழுக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். உன்னைச் சந்திக்கு இழுக்க அல்ல. இருபத்து நான்கு வயதில் உட்கார்ந்துகொண்டு ஐம்பத்தேழு வயதுக்காரரின் பிழைப்பின் மேல் அடையாளம் போடுகிறவன் நீ ஒருவன் மட்டும் இல்லை. மற்றவர்களும் வாசிக்கட்டும். அதற்காக மரியதாஸ் அண்ணனின் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அவருடைய உண்மைப் பெயர் உனக்குத் தெரியும். அவர் தோளில் ஏறி நீ கொட்டாஞ்சேனைக் கோயில் திருநாள் பார்த்திருக்கிறாய்.

உன்னை அறியாதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மரியதாஸ் அண்ணன் குளிர்சாதன மெக்கானிக். முப்பது வருடங்களுக்கு மேல் கொழும்புப் புறக்கோட்டையில் பழமும் மீனும் வைக்கிற குளிர் அறைகளைத் திருத்துகிறார். நான் டிப்ளோமாவோடு இந்தத் தொழிலுக்கு வந்தபோது அவர் ஏற்கெனவே பெயர் எடுத்தவர். இப்போது அந்தக் குளிர் அறைகளைப் பராமரிக்கிற கம்பனி கைமாறிவிட்டது. தொழில் தகைமைச் சான்றிதழ் இல்லாதவர் மாத முடிவுக்குப் பிறகு உள்ளே வரக்கூடாது என்று அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். அனுபவசாலிகள் படிப்பு இல்லாமல் நேரே சோதனைக்கு வரலாம் என்று ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில்தான் அவர் உங்கள் பயிற்சி நிலையத்துக்கு வந்தார். நீ அங்கே நான்கு மாதமாக உதவி மதிப்பீட்டாளர். ஒரு மேசைமேல் பொருத்திய சின்ன மெஷினில் நீயே ஒரு பழுதை உண்டாக்கி வைத்து, கண்டுபிடிக்கச் சொன்னாய். அவர் முப்பது வருடம் செய்ததைச் செய்தார். கம்ப்ரெஸருக்குள் போகிற குளிர்க் குழாயில் புறங்கையை வைத்தார். நீ, "கையை எடுங்க மிஸ்டர் மரியதாஸ், முதல்ல கேஜ்" என்றாய். வரிசையில் நின்ற பொடியன்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் கேஜ் என்கிற அழுத்தமானியின் இரண்டு குழாய்களையும் இடம் மாற்றிப் பொருத்திவிட்டார். நீ படிவத்தில் 'இன்னும் தகைமை பெறவில்லை' என்ற பெட்டியில் அடையாளம் போட்டாய். வெள்ளிக்கிழமை அந்தப் படிவம் மேலே போகிறது.

'இன்னும்'! முப்பது வருடத்துக்குப் பிறகும் இன்னும். அந்தச் சொல்லை யோசித்தவன் யார் என்று எனக்குக் காட்டு.

நீ சாப்பாட்டு மேசையில் கேட்ட கேள்வி நியாயமானது, அதை மறைக்கமாட்டேன். "ஒரு ஆள் ஹோஸை மாத்திப் போட்டா நான் என்ன செய்ய? உங்கட சினேகிதன் எண்டு பாஸ் போடவா?" என்றாய். போடாதே. போட்டிருந்தால் நான் இதைவிடக் கோபமாக எழுதியிருப்பேன். அதிக அழுத்தமுள்ள பக்கத்தில் பிழையான குழாயைப் பொருத்தினால் என்ன நடக்கும் என்று எனக்கு நீ சொல்லத் தேவையில்லை. என் கோபம் நீ போட்ட அடையாளத்தின் மேல் இல்லை. அந்தக் குழாய்களைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்துகிற மனிதர் உன் முன்னால் ஏன் தடுமாறினார் என்று நீ உன்னையே கேட்கவில்லை. அதன் மேல்தான். மெஷின் நின்றால் காரணம் தேடுகிறாய். மனிதன் நின்றால் பெட்டியில் அடையாளம் போடுகிறாய்.

நீ எழும்பிப் போன பிறகு உன் பயிற்சிக் கையேடு மேசையிலேயே கிடந்தது. எடுத்து வாசித்தேன். வளர்ந்தோர் கற்றல் கோட்பாடு என்று ஓர் அத்தியாயம். வளர்ந்தவர் வகுப்புக்கு வெறுமையாக வருவதில்லை, செய்து பழகிய வாழ்க்கையோடு வருகிறார் என்று முதல் வரி. பாடம் அவர் இந்தக் கிழமை செய்த வேலையிலிருந்து தொடங்க வேண்டும் என்று அடுத்தது. பிறகு ஓர் உதாரணம்: வளர்முக நாடொன்றில் ஒரு தையல்காரப் பெண், எண் வாசிக்கத் தெரியாதவள், ஓர் ஆளை ஒருமுறை பார்த்துவிட்டு அளவு நாடா இல்லாமலே துணியை வெட்டுவாள் என்று. எனக்குத் தலை சூடாகிவிட்டது. அந்த வளர்முக நாடு இங்கே கொழும்பில் இருக்கிற தெமட்டகொடை. றெயில்வே குவாட்டர்ஸில் இருந்த பத்மா அக்கா அவள். அவளைப் பற்றி முதலில் எழுதியவர் எங்கள் பின்னேர வகுப்பு ரெஜினா மிஸ். அவர் எழுதிய நோட்டின் போட்டோகொப்பி என் அலுமாரியில் இருக்கிறது. எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்கள் கையேட்டில் சர்வதேச நிபுணர்கள் என்று இருக்கிறது. ரெஜினா மிஸ் என்ற பெயர் ஓர் இடத்திலும் இல்லை.

அவரை உனக்கு நான் ஒழுங்காகச் சொல்லித் தந்ததில்லை. அது என் பிழை. உனக்கு அவர் ஒரு செத்தவீடு மட்டும்தான், நீ ஓ/எல் சோதனை எழுதிய வருடம் நாங்கள் போய் வந்த ஒரு செத்தவீடு. ரெஜினா மிஸ் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர், தகப்பன் துறைமுகத்தில் சாமான் எண்ணுகிற கிளார்க். மிஸ் ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பித்தார். பிள்ளைகளின் ரிப்போர்ட்டில் கையெழுத்து வைக்க வருகிற தகப்பன்மாரைப் பார்த்துத்தான் அவருடைய கோட்பாடு தொடங்கியது. துறைமுகத்தில் இருபது பேரை வேலை வாங்குகிற மனிதன், பாடசாலை வாசலில் வந்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டு, தண்டனை கிடைத்த பிள்ளை மாதிரிச் சுவரோரம் நிற்பான். ஏன் என்று மிஸ் கேட்டார். வகுப்பறைக்குள் கால் வைக்கும்போது வளர்ந்த மனிதன் முதலில் தன் வயதை இழக்கிறான், அதைத் திருப்பிக் கொடுக்காமல் அவனுக்கு எதையும் படிப்பிக்க முடியாது என்று எழுதினார். அந்த ஒரு வசனத்தை நிரூபிக்க மீதி வாழ்க்கை முழுவதும் செலவழித்தார். அதிபரோடு சண்டை பிடித்து வேலையை விட்டார். கோயிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் துறைமுகத் தொழிலாளருக்கும் தையல் பெண்களுக்கும் பின்னேர வகுப்பு வைத்தார். கோட்பாடு என்றால் வெளிநாட்டில் கோட் போட்ட ஆள் எழுதுவது என்றுதானே நினைக்கிறீர்கள்? மிஸ் ஹவுஸ்கோட்டோடு, வெந்தயக் குழம்பு அடுப்பில் இருக்க, கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினார்.

அவர் வகுப்பில் மூன்று விதிகள். கதிரைகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். யாரையும் எழுப்பிக் கேள்வி கேட்கக்கூடாது. மூன்றாவதுதான் முக்கியமானது: படிப்பிக்கிறவர் ஒவ்வொரு கிழமையும், வாரம் தவறாமல், வகுப்பிலிருந்து தான் படித்த ஒரு விஷயத்தைத் தன் கொப்பியில் எழுத வேண்டும். எழுத ஒன்றும் இல்லாவிட்டால் அந்தக் கிழமை வகுப்பு நடக்கவில்லை என்று கணக்கு. ஒருமுறை வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் வந்து பின்வரிசையில் சில நாள் இருந்தார்கள், நோட்டின் பிரதி கேட்டார்கள், மிஸ் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அவர்கள்தான் கொண்டுபோனார்களா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் முதல் இரண்டு விதியும் ஊர் சுற்றி உங்கள் கையேட்டுக்கு வந்திருக்கின்றன. மூன்றாவதைக் காணோம். அதைப் பெட்டி கீறி அடையாளம் போட முடியாதே, அதனால் கழன்று விழுந்திருக்கும். பேரை எடுத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த விதியை எடுத்ததைப் பொறுக்கமாட்டேன், ஏனென்றால் அந்த விதி இல்லாமல் மற்ற இரண்டும் தளபாடம் அடுக்குகிற ஆலோசனைதான்.

அவரைச் சிலையாக்கவும் நான் விரும்பவில்லை. அவர் எரிச்சல்காரி. பாதிரியாரோடு சண்டை, மண்டபச் சாவி வைத்திருந்தவரோடு சண்டை, என்னோடு சண்டை. சோதனை என்ற சொல்லே அவருக்கு ஆகாது. அதில் அவர் பிழை என்று அப்போதே சொன்னேன். கடதாசி இல்லாவிட்டால் கொழும்பில் ஒரு கதவும் திறக்காது, உங்கள் ஆட்கள் எல்லாம் தெரிந்துகொண்டு வெளியே நிற்பார்கள் என்றேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "கடதாசி குடுக்கிறவன் வந்து பாக்கட்டும். வேலை செய்யிற இடத்துக்கு வந்து பாக்கட்டும். என்ர ஆக்கள் ஏன் அவன்ட மேசைக்குப் போய் நிக்கவேணும்?" என்றார். நான் சிரித்தேன். நடக்கிற காரியமா என்றேன்.

இப்போது என் கதை. இதை உன் அம்மாவுக்கே முழுதாகச் சொன்னதில்லை. நீ ஒரு வயதுக் குழந்தை, எனக்கு இருபத்திரண்டு. கையில் புது டிப்ளோமா, தலையில் உலகமே ஒரு சமன்பாடு என்ற நினைப்பு. துறைமுகத்தில் மேற்பார்வையாளர் பதவிக்கு ஒரு சோதனை வரவிருந்தது, பாரம் தூக்குவது பற்றிக் கணக்குச் சொல்லித்தர ஆள் தேவை என்று மிஸ் என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பலகை முழுக்கக் கோணங்கள் கீறினேன். பாரத்தைக் கட்டித் தூக்குகிற இரண்டு கயிறுகளும் விரிந்தால் இழுவை எவ்வளவு கூடும் என்பது பாடம். செபமாலை என்று ஒருவர், கப்பலின் அடித்தளத்தில் சாமான் கட்டுகிற குழுவின் தலைவர், ஐம்பது வயது இருக்கும். அவரை எழுப்பினேன். ஆம், எழுப்பினேன், விதியைக் கேட்டுச் சிரித்தவன் நான். அவர் இரண்டு கையையும் கூரை மாதிரி வைத்து, "இவ்வளவு எண்டா தாங்கும். இவ்வளவு விரிச்சா அறுக்கும். நாங்க நீளக் கயிறு போடுவம்" என்றார். அது முழுச் சரியான விடை. கணக்குப் போட்டிருந்தால் அவர் காட்டிய கோணம்தான் வந்திருக்கும். நான் சொன்னேன்: "கையை ஆட்டினா மார்க்ஸ் வராது ஐயா. கணக்கைச் சொல்லுங்க." வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். நான் அதை ஒரு நல்ல பகிடி என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை அவருடைய கதிரை வெறுமையாக இருந்தது. வகுப்பு முடிந்ததும் மிஸ் என் கொப்பியைக் கேட்டார். முதல் கிழமைக்கு அதில் ஒன்றும் இல்லை. "அப்ப அண்டைக்கு வகுப்பு நடக்கேல்ல" என்றார். "செபமாலையின்ர வீட்ட போம். மன்னிப்புக் கேக்கிறதுக்கு இல்ல. அந்தக் கூரை மாதிரி வச்சுக் காட்டினது என்னெண்டு கேட்டுப் படிச்சுக்கொண்டு வாரும்." எனக்குக் கோபம். டிப்ளோமாக்காரன் போய்ப் படிப்பதா? ஒரு கிழமை இழுத்தேன், பிறகு இன்னும் இரண்டு. நாலாவது கிழமைதான் போனேன். சின்ன வீடு, அவருடைய மகள் பிளேன்டீ கொண்டுவந்தாள், அவர் என்னை அவ்வளவு மரியாதையாக இருத்திக் கதைத்தார். வகுப்புக்கு வாங்கோ என்றேன். "இல்ல தம்பி," என்றார், "எனக்கு மண்டை ஓடாது. அது எனக்குத் தெரியாமல்தான் இவ்வளவு நாளும் இருந்தனான்." நான் கயிற்றைப் பற்றிக் கேட்டேன். சொல்ல வெட்கப்பட்டார். நீங்கள் படிச்ச ஆள், உங்களுக்குத் தெரியாததா என்றார். சோதனைக்கு அவர் போகவில்லை. அதே அடித்தளத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவருக்குக் கீழே சாமான் கட்டியவர்கள் அவருக்கு மேலே போனார்கள்.

மண்டை ஓடாது என்பதை அந்த மனிதருக்குப் படிப்பித்தவன் நான், தம்பி. என் வாழ்க்கையில் நான் நடத்திய பாடங்களில் அது ஒன்றுதான் நூறு வீதம் பதிந்தது. அதன் பிறகு பல வருடம் அந்த மண்டபத்தில் படிப்பித்தேன், கொப்பி நிறைய எழுதினேன், குளிர்சாதனம் பற்றி இன்றைக்கு எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் கொப்பிகளில் இருந்து வந்தது. மிஸ் செத்தபோது சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் எல்லாரும் துறைமுகத்து ஆட்கள். கல்விக் கந்தோரிலிருந்து ஒரு குருவியும் வரவில்லை. செபமாலையும் வரவில்லை, அவர் அதற்கு முன்பே போய்விட்டார். பிறகு நான் நல்ல ஆசிரியனாக வந்ததால் அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

இதை நீ சாப்பாட்டு மேசையிலேயே இருந்து கேட்டிருந்தால் போன செவ்வாய்க்கிழமை நடந்ததைப் பற்றி எழுதத் தேவைப்பட்டிருக்காது. கேட்கவில்லை, ஆகவே எழுதுகிறேன். புறக்கோட்டையில் ஒரு பழக்களஞ்சியத்தில் குளிர் இறங்கவில்லை என்று கூப்பிட்டார்கள். மரியதாஸ் அண்ணனும் நானும் போனோம். அப்பிள் பெட்டிகள் கூரை வரை, முதலாளி வாசலில் நின்று சிங்களத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் அண்ணன் நேரே மெஷினிடம் போயிருப்பார். ஒரு கை வைப்பு, வாயில் ஒரு முணுமுணுப்பு, பத்து நிமிடத்தில் பழுது இன்னதென்று சொல்லியிருப்பார். கம்ப்ரெஸருக்குள் போகிற அந்தக் குழாய் வேர்த்துக் குளிர்ந்திருந்தால் சரி, உறைபனி கம்ப்ரெஸர் வரை ஏறியிருந்தால் திரவம் திரும்பி வருகிறது, சூடாக இருந்தால் வாயு குறைவு அல்லது அடைப்பு. இதை நீயும் நானும் அளந்து அறிகிறோம். அவர் தொட்டு அறிந்துவிட்டு, பிறகு அளந்து உறுதிப்படுத்துகிறார். அன்றைக்கு அவர் மெஷினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, கேஜ் போடட்டா?" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. ஏன் அண்ணே, தொட்டுப் பாருங்களேன் என்றேன். "இல்ல. உங்கட மகன் சொன்னது சரிதானே. படிச்ச பிள்ளை. நான் இவ்வளவு காலமும் பிழையாத்தான் செய்தனானோ எண்டு யோசிக்கிறன்" என்றார். குறை சொல்கிற குரல் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உன்னைத் திட்டியிருந்தால் உன் பக்கம் நின்று கதைத்திருப்பேன். அவர் உன்னை நம்பிவிட்டார். பழுதை நான்தான் கண்டுபிடித்தேன். அவர் ஸ்பானர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது, திரும்பவும் சோதனைக்குப் போங்கள் என்றேன். ஒரு வெட்கம் போதும் என்றார். மாத முடிவில் கம்பனிக்காரன் நிறுத்தினால் மருதானையில் மச்சானின் கடையில் விசிறி திருத்துகிற வேலை இருக்காம். குளிர் அறையை உயிரோடு வைத்திருந்த கை மேசை விசிறிக்கு எண்ணெய் போடப் போகிறது, இன்னும் தகைமை பெறாத கை என்று நீ எழுதியதால்.

உன் கையேட்டை நான் கடைசிப் பக்கம் வரை வாசித்தேன், நீ வாசித்தாயோ தெரியாது. பின்னிணைப்பில் ஒரு வரி இருக்கிறது: மதிப்பீட்டாளர் பொருத்தமெனக் கருதினால் விண்ணப்பதாரியின் வேலைத்தலத்திலேயே மதிப்பீட்டை நடத்தலாம். கந்தோர்த் தமிழ் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறார், ஆனாலும் எனக்கு அடையாளம் தெரிந்தது. அது ரெஜினா மிஸ். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என்னிடம் சொன்ன அதே விஷயம். நான் நடக்காது என்று சிரித்தது சட்டமாகி உன் மேசையில் கிடக்கிறது. ஒருவரும் பாவிக்கவில்லை. நேற்று உன்னிடம் ஃபோனில் கேட்டேன், "அதுக்குத் தனி ஃபோர்ம் நிரப்பவேணும் அப்பா, மேலதிகாரியிட்ட கேக்கவேணும், வாகனம் இல்ல" என்றாய். வாகனம் இல்லை! வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு நூறாம் இலக்க பஸ் இன்னும் ஓடுகிறது.

நாளைக்குப் புதன். அந்த ஃபோர்மை நாளைக்கே நிரப்பு. வியாழன் காலை ஏழு மணிக்கு மரியதாஸ் அண்ணன் அதே களஞ்சியத்தில் இரண்டாவது அறையைப் பார்க்கப் போகிறார். உன் மேலதிகாரி மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல். அங்கே போய், இந்தக் கிழமை என்ன திருத்தினீர்கள் அங்கிள் என்று கேள். அவர் வாயைத் திறக்க நேரம் எடுக்கும், நீ அவசரக்காரன், என்னைப் போல, ஆனாலும் பொறு. அவருக்கு முன்னால் உனக்குத் தெரியாத ஒன்றை அவரிடம் கேட்டு அறிந்துகொள், நடிக்காதே, உனக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது. அளவெடுக்கச் சொல், குழாய்களைப் பொருத்தச் சொல், உன் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் செய்யச் சொல். அங்கேயும் பிழைவிட்டால் அவரைச் சித்தியடையச் செய்யாதே. அவர் வரமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லலாம். அப்படியென்றால் அவர் வீட்டுக்குப் போ. நான் நாலு கிழமை இழுத்தேன், உனக்கு மூன்று நாள் இருக்கிறது. நான் கூட வரமாட்டேன். தகப்பன் பக்கத்தில் நின்றால் அது சிபாரிசாகிவிடும், அவருக்கும் அது அவமானம்.

வெள்ளிக்கிழமை நீ எந்தப் பெட்டியில் அடையாளம் போட்டாய் என்று நான் கேட்கமாட்டேன். அது உன் வேலை, நீ சொன்னது சரி. எந்த இடத்தில் நின்றுகொண்டு போட்டாய் என்று மட்டும் கேட்பேன்.

அப்பா